டீச்சரின் எதிர்ச்சுவர்

டிவியை மெத்தைமேல் படுக்கவைத்து எடுத்துப்போனால் பத்திரமாகப் போய்ச்சேரும் என்று நினைக்காத ஆளே கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் இதே ரோதனை. அது என்ன பச்சைக்குழந்தையா, மெத்தையில் கிடத்த? மெல்லிய கண்ணாடி. நடுவில் பிடிமானம் இல்லாமல் படுத்துக்கிடந்தால், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தன் பாரத்தைத் தானே தாங்காமல் உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. சுவரில் மாட்டி ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு பல்லைக் காட்டும். அப்போது பழி யார் தலையில் விழும்? தூக்கிவந்தவன் தலையில்தான்.

அன்றைக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மாடி வீடு. சாமான்கள் எல்லாம் முன்பே போய்விட்டன. காலியான கூடத்தில் டிவி மட்டும் சுவரில் மிச்சமிருந்தது. அதைக் கழற்றிப் புதுவீட்டில் மாட்டித்தரத்தான் ரசமட்டத்தைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ரசமட்டம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. சுவர் சமமாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே ஒரு காற்றுக்குமிழி நடுவில் வந்து நிற்குமே, அந்தக் கருவியின் பெயர். சட்டைப்பையில் பேனா வைத்திருப்பதுபோல் சின்னதாக ஒன்றை அவர் எப்போதும் வைத்திருப்பார். டீக்கடையில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் டீயைத் தொடுவார். கடைப்பையன்கள் கேலியாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது போனில் கூப்பிடுகிறவர்கள்கூட "ரசமட்டம் அண்ணனா?" என்றுதான் கேட்கிறார்கள். அவரும் "ஆமாங்க" என்கிறார். வேறென்ன செய்வது?

"தம்பி, உங்க வேன் பின்னால மெத்தை ஒண்ணு போட்டிருக்கேன். படுக்க வெச்சிடலாம். அலுங்காமப் போயிடும்," என்றார் வீட்டுக்காரப் பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். தொப்பையும் நரைத்த மீசையுமாக, இன்னும் ஒரு பஸ்ஸை ஓட்டிவிடுகிற தோரணையோடு இருந்தார்.

"படுக்க வெச்சா போச்சுங்க ஐயா. அப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்."

சொன்ன மாத்திரத்தில் டிரைவரின் முகம் விழுந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினார். டிவியைப் பற்றிச் சொன்னதற்கு மனிதர் ஏன் இப்படி வாடிப்போகிறார் என்று ரசமட்டத்துக்குப் புரியவில்லை. காரணம் வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டிவியின் பின்னால் செருகியிருந்த ஒயர்களைக் கழற்றி, திருகாணிகளை ஒரு சின்ன உறையில் போட்டு டிவியின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டினார். கண்ணாடிப் பக்கம் கை படாமல் ஓரச் சட்டத்தை இருபுறமும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். டிரைவர் கீழ்ப்பக்கம். "பாத்து, பாத்து, ஒரு படி இருக்கு... இன்னும் ஒண்ணு," என்று மூச்சிரைக்க எண்ணிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் வேலையும் சேர்த்துப் பார்த்திருப்பார் போல. வேனுக்குள் பக்கவாட்டில் கனமான போர்வையைக் கட்டி, டிவியை நிற்கவைத்துச் சாய்த்து, மேலும் கீழும் பட்டை போட்டு இறுக்கினார் ரசமட்டம். டிரைவரின் மெத்தை கால்மாட்டில் மடங்கிக் கிடந்தது.

ஓய்வு பெற்ற டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதைப்போல ஒரு கொடுமை உண்டா? "பிரேக்கை மெதுவா மிதிங்க", "அந்த லாரிக்காரன் திரும்புவான், பாருங்க", "கியரை மாத்துங்க தம்பி, இன்ஜின் அழுவுது." ரசமட்டம் பொறுத்துக்கொண்டார். உண்மையில் அவருக்கு அது பிடித்தும் இருந்தது. அந்தப் பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்து நாளாகிவிட்டது.

சிக்னலில் வண்டி நின்றபோது டிரைவர் விஷயத்துக்கு வந்தார்.

"இது டீச்சருக்காகத்தான். என் சம்சாரம். ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாடியே நான் டீச்சர்னுதான் கூப்பிடுவேன், அப்படியே நின்னுபோச்சு. அந்த மாடிப்படியில விழுந்துட்டா. இடுப்புல ஆணி போட்டிருக்கு. எழுந்து நிக்க முடியாதுன்னுட்டாங்க. அதான் கீழ்வீடு பாத்து மாறினோம்."

ரசமட்டத்துக்குத் தான் மாடியில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூசிப்போனார்.

"ஐயா, நான் மேல சொன்னது..."

"அட, நீங்க டிவியைச் சொன்னீங்க. அதை விடுங்க. விழுந்ததுலேருந்து அவ வாயே திறக்கல, தம்பி. ஒரு வார்த்தை இல்ல. தொண்டையில கோளாறு இல்ல, மூளையில கோளாறு இல்ல, எல்லாம் படம் எடுத்துப் பாத்தாச்சு. பேசணும்னு ஆசை வந்தா பேசுவாங்கங்கறார் டாக்டர். ஆசையை எந்தக் கடையில வாங்கறது?" மீசையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவளுக்குக் குஸ்தின்னா உசிரு. டிவியில ரெண்டு தடியனுங்க கட்டிப் புரள்வானுங்களே, அதேதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா 'அடிடா, விடாதே, காலை வாருடா'ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்துவா. எனக்கு மானம் போகும். மொட்டைமாடிக்கு ஓடிடுவேன். ஒரு தடவைகூடப் பக்கத்துல உக்காந்து பாத்ததில்ல. இன்னிக்கு மத்தியானம் பெரிய குஸ்தி இருக்காம். அதுக்குள்ள மாட்டிடணும். அதைப் பாத்தாவது வாயைத் திறப்பான்னு பாக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என்னை ஒரு தடவை திட்டினாக்கூடப் போதும்."

சொல்லிவிட்டு, "மாட்டி முடிச்சதும் ஓடிடக்கூடாது. இருந்து எங்களோட சாப்பிட்டுட்டு, குஸ்தியும் பாத்துட்டுத்தான் போகணும்," என்றார்.

இந்த மாதிரி யாரும் சொல்வதில்லை. ரசமட்டம் ஊரில் உள்ளவர்கள் வீட்டு நல்ல நாற்காலிகளில் எல்லாம் உட்கார்ந்தவர். அது தொழில்முறை. சுவரில் ஓட்டை போடுவதற்கு முன்னால், எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று கேட்டு அந்த இடத்தில் உட்காருவார். கண்ணுக்கு நேரே பென்சிலால் குறி வைப்பார். "மேலயா, கீழயா, சொல்லுங்க" என்று பார்க்கப்போகிறவரைக் கேட்பார். மாட்டி முடித்த பிறகும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து சரிபார்ப்பார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். சுற்றிலும் பிள்ளைகள், சத்தம், ரிமோட்டுக்குச் சண்டை. அப்புறம் படம் வந்துவிடும். எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அவருக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், போயே போய்விட்டது. அக்காள் குடும்பத்தோடு இருந்தார். அக்காள் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போக, அக்காளும் அத்தானும் மூத்தவளோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள். இவர் ஒற்றை அறைக்கு மாறினார். யார்மீதும் குற்றம் இல்லை. ஆனால் தனியாக இருக்கிறவனுக்குக் குற்றம் சொல்ல ஒரு ஆள் இருந்தால்கூடத் தேவலை.

புதுவீட்டில் டீச்சரின் அறை தெருவைப் பார்த்த அறை. ஜன்னலோரமாக ஆஸ்பத்திரிக் கட்டில். வலப்பக்கம் இடுப்பில் ஆணி, முதுகில் புண். ஆகவே அவர் பெரும்பாலும் இடப்பக்கமாகத்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவ்வப்போது திருப்பிவிட்டாலும் வலியில் முனகி, திரும்பவும் அதே பக்கம். தலையணையை விட்டுத் தலை எழும்பாது. எதிரே வெள்ளைச் சுவர். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி. தோள் மட்டும் இன்னும் விளையாட்டு டீச்சரின் தோளாகவே இருந்தது.

"வணக்கம் டீச்சர்," என்றார் ரசமட்டம்.

டீச்சரின் கண் அவர்மேல் பட்டது. நிற்கவில்லை, சுவருக்கே திரும்பிவிட்டது.

"அவங்க பேச மாட்டாங்க அண்ணே. நீங்க வேலையைப் பாருங்க. தூசி பறக்காம பண்ணுங்க, சொல்லிட்டேன்," என்றாள் நர்ஸம்மா. பகல் நேரத்துக்கு வைத்திருந்த பெண். வாய் நீளம், கை சுத்தம். வந்ததும் வராததுமாக ஈரத்துணியோடு பின்னாலேயே நின்றாள்.

ரசமட்டம் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்று உள்ளே செங்கல் கெட்டியாக இருந்தது. ஸ்விட்சிலிருந்து ஒயர் நேராக மேலே போகிறது என்று கணக்குப் போட்டு அந்தக் கோட்டை விட்டு விலகிக்கொண்டார். ஒரு ஸ்டூலைக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து, குனிந்து, தன் கண்ணை டீச்சரின் கண்ணுயரத்துக்குக் கொண்டுவந்தார். குறி வைத்தார். "இந்த உயரம் போதுமாய்யா?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் எட்டிப் பார்த்து, "போதும், போதும்," என்றார். டிரில்லிங் மெஷினுக்குக் கீழே நர்ஸம்மா ஒரு காகித உறையைப் பிடித்துத் தூசியை வாங்கிக்கொண்டாள். ஓட்டைகளில் பிளாஸ்டிக் கிரிப்பை அடித்து, இழுத்துத் திருப்புகிற கை வைத்த பிராக்கெட்டை இறுக்கி, டிவியைத் தூக்கி மாட்டினார். மேல் விளிம்பில் ரசமட்டக் கருவியை வைத்தார். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அதைப் பார்த்தால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி.

படம் வந்தது. வெளிச்சமான மேடை, கயிறுகள், கூட்டத்தின் கூச்சல். தாடிக்காரன் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே சிவப்பு ஜட்டிக்காரன்.

டிரைவர் சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் டிவியைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரின் கண் திறந்தது. நன்றாகவே திறந்தது. திரையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. கழுத்தை அசைக்க முயன்றார், முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"டீச்சர்," என்றார் டிரைவர். "பாரு, உன் ஆளு வந்துட்டான். சிவப்பு ஜட்டி. டீச்சர்... இங்க பாரேன்."

மூடிய கண் மூடியபடியே இருந்தது. டிவியில் மணி அடித்துச் சண்டை தொடங்கியது. கூட்டம் கத்தியது. அந்த அறையில் அதைக் கேட்க ஆளில்லை.

டிரைவர் திடீரென்று கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. இதுகூட வேண்டாம்னா இனிமே அவளுக்கு என்ன வேணும்? நான்தான் முட்டாள். கழட்டிடுங்க தம்பி. கழட்டி நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு இதைப் பாக்கவே பிடிக்கல," என்றார். பெரிய உடம்பு குலுங்கியது. அடக்கி அடக்கி வைத்திருந்த அழுகை. நர்ஸம்மாகூடத் துணியைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ரசமட்டம் திருப்புளியை எடுத்தார். ஒருவர் அழும்போது என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. பழக்கம் விட்டுப்போயிருந்தது. மாட்டியதைக் கழற்றுவதாவது தெரிந்த வேலை. பின்பக்கம் கையை விட்டு முதல் திருகாணியைத் தேடினார். தேடும்போதே மனசு வேறொரு இடத்தில் இடறியது. அந்தப் புருவம் ஏன் சுருங்கியது? வேண்டாம் என்கிறவர் பார்க்கவே மாட்டாரே. இவர் பார்த்தார். கஷ்டப்பட்டுப் பார்த்தார்.

அவர் தன் அறையில் டிவி வைத்துக்கொள்ளவில்லை. யாரோடு பார்ப்பது? சாப்பிட்டதும் பாயில் ஒருக்களித்துப் படுத்து, போனைத் தலையணையில் சாய்த்துவைத்து எதையாவது பார்ப்பார். போனை நிமிர்த்தி வைத்தால் சரிப்படாது. தன்னோடு அதையும் படுக்கவைத்தால்தான் முகங்கள் முகமாகத் தெரியும். படுத்துக்கொண்டே பார்த்துப் பழகியவனுக்கு இது அத்துப்படி. அவருக்கே இது தோன்றாமல் போய்விட்டதே!

திருப்புளியைக் கீழே போட்டார். கட்டிலோரம் மண்டியிட்டு, மெத்தை விளிம்பில் இடக்கன்னத்தைப் பதித்து, டீச்சர் பார்க்கிற மாதிரியே சுவரைப் பார்த்தார்.

"என்ன அண்ணே பண்றீங்க? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று நர்ஸம்மா அதட்டினாள்.

தாடிக்காரனும் சிவப்பு ஜட்டிக்காரனும் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு குறுக்கே ஊர்ந்தார்கள். மேடை செங்குத்தாக நின்றது. யார் விழுகிறான், யார் எழுகிறான், ஒரு மண்ணும் விளங்கவில்லை. பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது.

"ஐயா," என்றார், கன்னத்தை எடுக்காமலே. "தப்பு என்னோடது. நான் உக்காந்து பாத்து மாட்டிட்டேன். இவங்க எங்க உக்காந்திருக்காங்க? படுத்தில்ல இருக்காங்க! உங்களைக் கேட்டேன், என்னைக் கேட்டேன். பாக்கப்போறவங்களை ஒரு வார்த்தை கேக்கல. இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருந்து என்ன கிழிச்சேன்!"

டிரைவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

டிவியின் முதுகில் திருகாணி போடும் நாலு ஓட்டைகளும் நல்லகாலமாகச் சதுரமாக இருந்தன. நிற்கவைத்தாலும் பொருந்தும், திருப்பிவைத்தாலும் பொருந்தும். இருவருமாகக் கழற்றி இறக்கினார்கள். டிவியின் தலை டீச்சரின் தலைப்பக்கம், டிவியின் கால் டீச்சரின் கால்பக்கம். அப்படித் திருப்பி மறுபடி பூட்டினார்கள். ஒரு பீரோக் கதவைப்போல டிவி நெடுக நின்றது. ரசமட்டம் ஆயுசில் இப்படி ஒன்றைச் செய்ததில்லை. கடைக்காரர்கள் பார்த்தால் வயிறு வெடிக்கச் சிரிப்பார்கள்.

ஆனாலும் குறை இருந்தது. தலையணையில் டீச்சரின் தலை சமமாக இல்லை, கொஞ்சம் சாய்ந்திருந்தது. எவ்வளவு சாய்வு என்று எந்தக் கருவியை வைத்து அளப்பது? ரசமட்டம் பிராக்கெட்டின் நடு போல்ட்டைத் தளர்த்தினார். டிவியின் முழுப் பாரமும் அவர் இரண்டு கைகளில் இறங்கியது. டிரைவர் ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், படம் நேரா இருக்கா?"

பதில் இல்லை. ஆனால் கண் திறந்திருந்தது.

"நீங்க சொன்னாத்தான் டீச்சர் முறுக்க முடியும். எந்தப் பக்கம் சாய்க்கணும்?"

"அவ பேச மாட்டா தம்பி," என்றார் டிரைவர் உடைந்த குரலில். "உத்தேசமா முறுக்கிடலாம். கை வலிக்கும் உங்களுக்கு."

"உங்களைக் கேக்கலீங்க ஐயா. பாக்கப்போறவங்களைக் கேக்கறேன். அவங்க சொல்றவரைக்கும் இப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

வீம்பாகத்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. முகத்துக்கு நேரே திரையில் யாரோ யாரையோ தூக்கி அடித்தார்கள்; அவருக்கு வண்ணம் வண்ணமாகத்தான் தெரிந்தது. முதுகு வளைந்தது. முழங்கால் உதறியது. இந்தப் பெரிய மனுஷன் வேலையெல்லாம் நமக்கெதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை.

"காலை அகட்டி நில்லுடா."

கரகரத்த, துருப்பிடித்த ஒரு குரல். டிவியிலிருந்து வந்தது என்றுதான் ரசமட்டம் முதலில் நினைத்தார்.

"காலை அகட்டு. முட்டியை மடக்கு. இப்படி நின்னா முதுகு போயிடும்."

ரசமட்டம் காலை அகட்டினார். முட்டியை மடக்கினார். பாரம் பாதியாகக் குறைந்தது.

"தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கு," என்றார் டீச்சர். "இன்னும். இன்னும். போதும்... நிறுத்து."

பக்கத்தில் டிரைவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்து நாலு பக்கமும் சத்தம் போட்டது.

"என்ன முழிக்கறீங்க?" என்றார் டீச்சர். "எடுத்து முறுக்குங்க. அந்தப் பையன் எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிப்பான்? உங்களுக்கு எதையுமே நேரத்துல செய்யத் தெரியாதா?"

டிரைவர் குனிந்தார். கண்ணீரில் ஸ்பேனர் அகப்படாமல் தரையைத் தடவினார். நர்ஸம்மாதான் எடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் முறுக்கிய முறுக்கில் போல்ட் இனி எந்தக் காலத்திலும் அவிழாது. "திட்டறா பாத்தீங்களா? என்னைத் திட்டறா!" என்று இரண்டு பேரிடமும் மாறி மாறிச் சொன்னார். அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தூசி," என்றாள்.

ரசமட்டம் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து விளிம்பில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அதைத் திரும்பப் பையில் போட்டார்.

டிரைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து கழுத்தை முறித்து முறித்துப் பார்த்தார். அவருக்கு மேடையே செங்குத்தாக இருந்தது. டீச்சரால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் நாற்காலி கிறீச்சிட்டதிலேயே தெரிந்துகொண்டார்.

"கழுத்தை ஒடிச்சுக்காதீங்க. பின்னால இடம் இருக்கு. வந்து படுங்க."

"முதுகுல புண்ணு இருக்கே டீச்சர்..."

"இந்தத் தடவையும் மொட்டைமாடிக்கா? இங்க மாடி இல்ல."

நர்ஸம்மா குறுக்கே ஒரு தலையணையை அணை கொடுத்துச் செருகினாள். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டையின்மேல் உட்காருகிற மாதிரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மெல்ல மெல்லச் சாய்ந்து, இடப்பக்கமாகப் படுத்தார். பஸ்ஸின் அகலத்துக்குப் பழகிய உடம்பு. பாதி வெளியே நின்றது. மனைவியின் தலைக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார். "அட!" என்றார். "நேரா தெரியுது!"

"அந்தத் தாடிக்காரன் அழுகுணி ஆட்டம் ஆடறான். நல்லா பாருங்க. கயித்தைப் பிடிப்பான்," என்றார் டீச்சர்.

ரசமட்டம் கருவிகளைப் பையில் அடுக்கினார். மெதுவாகத்தான் அடுக்கினார். வேலை முடிந்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பது வழக்கமல்லவா? காலி நாற்காலியைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வண்டியில் சொன்னவருக்கு இப்போது சோறும் நினைவில்லை, வந்தவனும் நினைவில்லை. கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது, பொய் சொல்வானேன்.

"அப்ப நான் வரேங்க," என்றார்.

"யாரு அது?" என்றார் டீச்சர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"டிவி மாட்ட வந்த தம்பி. கிளம்பறாராம்."

"போறப்போ கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க. தெருச் சத்தத்துல நடுவர் பேசறது கேக்கல."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார். நடுப்பகல் தெரு. ஆள் நடமாட்டம் இல்லை, பெரிய தெருவின் வண்டி இரைச்சல் மட்டும். வேனுக்குள் பட்டைகளைச் சுருட்டினார். போர்வையை மடித்தார். டிரைவர் கொண்டுவந்த மெத்தை அங்கேயே கிடந்தது. உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கையில் எடுத்தவர், ஜன்னல் வழியாக டீச்சரின் குரல் கேட்டதும் நின்றுவிட்டார். "அடிடா! விடாதே!" தொடர்ந்து ஒரு முரட்டு ஆம்பளைக் குரலும், கூச்சத்தோடு, "அடி, அடி," என்றது. மெத்தையைத் திரும்ப வைத்தார். அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார்; திருப்பவில்லை. போனை எடுத்து அதே குஸ்தியைத் தேடிப் பிடித்தார். சின்னத் திரையில் அந்த இரண்டு பேரும் கட்டைவிரல் உயரத்துக்கு இருந்தார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கத்திலேயே இருக்கும்போது சத்தம் எதற்கு?

போனில் படம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. உள்ளே டீச்சர் "ஐயோ!" என்பார், இங்கே தாடிக்காரன் அப்போதுதான் கையை ஓங்குவான். உள்ளே சிரிப்பு கேட்கும். இங்கே எவனும் இன்னும் விழுந்திருக்க மாட்டான். அந்த வீட்டில் நடந்து முடிந்ததுதான் இவருக்கு வந்து சேர்ந்தது. இருந்தாலும் ஆவலோடு பார்த்தார். டீச்சர் குரல் கொடுத்ததும், இதோ வருகிறது, இதோ வருகிறது என்று முன்னால் குனிந்தார். இடையில் ஒருமுறை, "எப்படி அடிச்சான் பாத்தியா?" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொல்லியே விட்டார்.

திடீரென்று உள்ளே பெரிய ஆரவாரம். டீச்சர் கத்துகிறார், டிரைவர் கத்துகிறார், நர்ஸம்மாவும் சேர்ந்து கை தட்டுகிறாள். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று டீச்சரின் குரல் தெருவரைக்கும் வந்தது. முடிந்துவிட்டது. யார் ஜெயித்தான் என்று கேட்கவே வேண்டியதில்லை.

போனில் சிவப்பு ஜட்டிக்காரன் இன்னும் மல்லாந்து கிடந்தான். நடுவர் குனிந்து தரையைத் தட்டி எண்ண ஆரம்பித்திருந்தார். ரசமட்டம் போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"எழுந்திருடா," என்றார். யாரும் இல்லாத வண்டியில் அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "எழுந்திரு. உனக்காக அங்க எல்லாரும் கைதட்டி முடிச்சிட்டாங்கடா. எழுந்திரு."